புலி இல்லாத டப்பா: சிலி நாட்டின் கறுப்பு முத்திரைச் சட்டம்

சிலியில் விற்கும் சர்க்கரை பூசிய சோளச் செதில் டப்பா ஒன்று. பெயர் சுக்காரிட்டாஸ், தயாரிப்பு கெலாக்ஸ். அதன் முகப்பில் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிய ஒரு புலி பல காலமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. டோனி என்று பெயர் சொன்னால் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு உடனே தெரியும். 2016ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. டப்பாவிலிருந்து புலி போய்விட்டது. முகப்பில் எட்டு மூலை கொண்ட கறுப்பு முத்திரை வந்து உட்கார்ந்தது. சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லும் பலகை இருக்குமே, அதே வடிவம். உள்ளே வெள்ளை எழுத்தில் 'சர்க்கரை அதிகம்'. அதற்குக் கீழே சின்னதாக 'சுகாதார அமைச்சகம்'.

உடல் பருமனைக் குறைப்பதில் அரசுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு உலகில் பல நாடுகள் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கின்றன. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. பிரிட்டன் 2018இல் சர்க்கரையின் அளவைப் பொறுத்து ஏறும் வரியைக் கொண்டுவந்தது. சிலியை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே லேபிள், விளம்பரம், பள்ளிக்கூடம் மூன்றையும் ஒரே சட்டத்தில் சேர்த்துக் கட்டினார்கள். அதோடு, என்ன நடந்தது என்பதை அளந்தும் வைத்திருக்கிறார்கள்.

பால் கொடுத்த கை

சிலியின் பழைய கதை நமக்கு அந்நியமானதல்ல. 1960இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 120 பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஊட்டச்சத்துக் குறைவு. அரசுச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளை எடை போட்டு, தாய்மார்களிடம் பால்பவுடர் கொடுத்தனுப்புவார்கள். 1970 அதிபர் தேர்தலில் வென்ற சால்வடோர் அயெந்தே தொழிலால் மருத்துவர். ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்குறுதி. 1973இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. ஆட்சியும் அரசியலும் தலைகீழானாலும் குழந்தைகளை எடை போடும் வேலை மட்டும் நிற்கவில்லை. மருத்துவர் பெர்னாண்டோ மோன்கெபெர்க் போன்றவர்கள் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்கென்றே தனி மையங்களை நடத்தினார்கள். 2000இல் ஊட்டச்சத்துக் குறைவு 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே.

அதே தராசுதான் அப்புறம் வேறு செய்தியைச் சொல்ல ஆரம்பித்தது. மெலிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க வைத்திருந்த தராசில் குண்டுப் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். பெரியவர்கள் கணக்கு இன்னும் மோசம். 2016-17இல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அதிக எடையிலோ பருமனிலோ இருந்தார்கள்.

கையில் காசு புழங்க ஆரம்பித்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகின. மதியச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடி இருந்த இடத்துக்கு இரண்டு லிட்டர் பாட்டில் வந்தது. 2014 விற்பனைக் கணக்கின்படி, இனிப்புப் பானங்களிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 188 கலோரி. அந்தக் கணக்கில் உலகிலேயே முதல் இடம் சிலிக்குத்தான். சாயங்காலமானால் 'ஓன்சே' என்றொரு வேளை உண்டு. நம்மூரின் நாலு மணிக் காபி இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்துகொண்ட மாதிரி. தேநீர், ரொட்டி, வெண்ணெய், ஜாம், பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு.

புத்திமதியா, கட்டளையா

முதலில் எல்லா அரசுகளும் செய்வதையே சிலியும் செய்தது, அதாவது புத்திமதி சொன்னது. 2011இல் அதிபர் செபாஸ்டியன் பினேராவின் மனைவி செசிலியா மோரல் தலைமையில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 'நலமாக வாழ்வதைத் தேர்ந்தெடு' என்பது அதன் பெயர். காய்கறி சாப்பிடு, நடந்து போ, குடும்பத்தோடு இரு. கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நீ தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் குண்டாகிவிட்டாய், தப்பு உன்னுடையது என்ற தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரான மசோதா ஒன்று 2007இலிருந்தே நாடாளுமன்றத்தில் கிடந்தது. அதன் பின்னால் நின்றவர் மருத்துவரான செனட்டர் கிடோ கிரார்டி. அவர் சண்டை போட நினைத்தது சாப்பிடுகிறவரோடு அல்ல, தயாரிக்கிறவரோடு. உணவு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2011இல் பினேரா மசோதாவில் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 2012 ஜூலையில் 20.606ஆம் எண் சட்டமாக வெளிவந்தது. அதற்கான விதிகளை முடிவு செய்ய இன்னும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. மிச்செல் பாச்செலெட் ஆட்சியில் 2015 ஜூனில்தான் விதிகள் அரசிதழில் வந்தன. கம்பெனிகளுக்கு ஓராண்டு அவகாசம்.

இந்த மூன்று ஆண்டு இழுபறியில் ஒரு சண்டையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் சட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. சர்க்கரை அதிகமா இல்லையா என்பதை எந்த அளவுக்குக் கணக்குப் பார்ப்பது? 100 கிராமுக்கா, 'ஒரு பரிமாறலுக்கா'? தொழில்துறைக்குப் பிடித்தது இரண்டாவது. காரணம் எளிது. ஒரு பரிமாறல் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர். பாக்கெட்டில் நூற்றைம்பது கிராம் சிப்ஸ் இருக்கும். பின்னால் பார்த்தால் 'ஒரு பரிமாறல் 25 கிராம்' என்று போட்டிருக்கும். இருபத்தைந்து கிராமோடு கையை எடுத்தவர் யார்? அந்தக் கணக்கில் போனால் உப்பும் கொழுப்பும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். கடைசியில் ஜெயித்தது 100 கிராம் கணக்கு. திரவமானால் 100 மில்லி. இது தோற்றிருந்தால் முத்திரை என்ன நிறத்தில் இருந்தாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

முத்திரை என்ன செய்தது

வரம்பை ஒரே அடியாக இறுக்காமல் மூன்று படியாக வைத்தார்கள்: 2016, 2018, 2019. திடப் பொருளுக்கு முதல் படியில் 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் முத்திரை. மூன்றாம் படியில் அது 10 கிராம். சோடியம் 800 மில்லிகிராமிலிருந்து 400க்கு இறங்கியது. நிறைவுற்ற கொழுப்பு 6 கிராமிலிருந்து 4. கலோரி 350இலிருந்து 275. பானமானால் சர்க்கரை வரம்பு 100 மில்லிக்கு 6 கிராமில் தொடங்கி 5இல் முடிந்தது. சாதாரண கோலாவில் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதனால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. இந்த நான்கில் எத்தனை வரம்பை மீறுகிறதோ அத்தனை முத்திரை. சில பொட்டலங்களில் நான்கும் வரிசையாக நின்றன. உப்போ சர்க்கரையோ கொழுப்போ சேர்க்காத இயல்பான உணவுக்கு முத்திரை கிடையாது. வறுக்காத நிலக்கடலையில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் யாரும் கறுப்புக் குத்துவதில்லை.

முத்திரை விழுந்த பண்டத்துக்கு அதோடு மற்ற கதவுகளும் மூடின. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. பொட்டலத்தில் கார்ட்டூன் பொம்மை கூடாது, உள்ளே பரிசுப் பொருள் வைக்கக் கூடாது. டோனி புலி போனது இப்படித்தான். சீட்டோஸ் பொட்டலத்துச் சிறுத்தையும் போனது. உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சாக்லேட் முட்டையை விற்கவே முடியாமல் போனது. கெலாக்ஸும், சீட்டோஸ் தயாரிக்கும் பெப்சிகோவும் நீதிமன்றத்துக்குப் போயின, வர்த்தகச் சின்னம் எங்கள் சொத்து என்று. 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் இந்தப் பண்டங்களின் விளம்பரத்தையே நிறுத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2018, 2019 படிகள் வந்தபோது அதிபராக இருந்தவர் அதே பினேரா, ஏழாண்டு முன்னால் மசோதாவைத் திருப்பி அனுப்பியவர்.

மூன்றாவது கை பள்ளிக்கூடம். முத்திரை உள்ள எதையும் பள்ளி வளாகத்தில் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. பள்ளிக்குள் இருக்கும் சின்னக் கடைகளை ஆய்வாளர்கள் சட்டத்துக்கு முன்பும் பின்பும் போய்ப் பார்த்தார்கள். தலைநகர் சாண்டியாகோவின் சில பள்ளிகளில் எடுத்த கணக்கு: 2014இல் அந்தக் கடைகளில் இருந்த பண்டங்களில் சுமார் 90 சதவீதம் வரம்பை மீறியவை. 2016 கடைசியில் 15 சதவீதம்.

தாய்மார்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசிய இன்னோர் ஆய்வும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எண்ணே இல்லாத ஆய்வு. சிலியில் இந்த முத்திரைக்கு மக்கள் வைத்த பெயர் 'செயோ'. சிறு பிள்ளைகள் வீட்டில் வந்து, செயோ போட்டதைத் தின்பண்டப் பையில் வைக்காதே, டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அமைச்சர் பத்து வருஷம் தொலைக்காட்சியில் வந்து பேசினாலும் இது நடக்காது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கறுப்பு எட்டு மூலை புரியும். ஆனால் பதின்ம வயதுப் பிள்ளைகளின் தாய்மார்கள் அதே அளவு உற்சாகமாகப் பேசவில்லை. அந்த வயதில் யார் சொல்லி யார் கேட்பது.

எண்கள், அவற்றின் அளவோடு

சிலிப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து நிறுவனமும் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்து சட்டத்துக்கு முன்பிருந்தே தகவல் திரட்டினார்கள். பொதுவாக ஒரு திட்டம் ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் யாராவது 'முன்னே எப்படி இருந்தது?' என்று கேட்பார்கள். இங்கே அந்தத் தவறு நடக்கவில்லை.

முதல் படியின்போது, முத்திரை வாங்கும் வகைப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு சுமார் 24 சதவீதம் குறைந்திருந்தது. வீடுகள் வாங்கிய எல்லாப் பொட்டலப் பண்டங்களையும் பானங்களையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தக் கலோரி 3.5 சதவீதம், சர்க்கரையிலிருந்து வந்த கலோரி சுமார் 10 சதவீதம், சோடியம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைந்தன. தொலைக்காட்சி உணவு விளம்பரங்களில் முத்திரைப் பண்டங்களின் பங்கு சுமார் 42 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. வேலைவாய்ப்பு போய்விடும், சம்பளம் விழும் என்று சொல்லப்பட்டது. அந்தத் துறையை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு சரிவையும் காணவில்லை.

அப்படி வாங்கிய மொத்தக் கலோரியில் 3.5 சதவீதம் என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 16 கலோரி. அரை பிஸ்கட். இதைப் படித்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அரை பிஸ்கட்டை யாரும் மன உறுதியால் விடவில்லை. கோடிக்கும் மேற்பட்ட மக்கள், பாதிப் பேர் யோசிக்காமலேயே, தினமும் அரை பிஸ்கட் குறைவாக வாங்கியிருக்கிறார்கள்.

யோசிக்காமல் எப்படி? இங்கேதான் இந்தச் சட்டத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். முத்திரை வாங்குபவரின் கண்ணுக்காக என்று நாம் நினைக்கிறோம். பாதி வேலை தொழிற்சாலைக்குள் நடந்தது. சட்டம் வரும் முன்னும் வந்த பிறகும் கடை அலமாரிகளில் இருந்த பொருட்களை ஒப்பிட்டார்கள். ஏதாவது ஒரு முத்திரையாவது வாங்கும் பொருட்களின் பங்கு 51 சதவீதத்திலிருந்து 44ஆக இறங்கியிருந்தது. கறுப்பு முத்திரையைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் சர்க்கரையையும் உப்பையும் வரம்புக்குக் கீழே கொண்டுபோய்விட்டன. லேபிளையே படிக்காத, படிக்க நேரமில்லாத ஒரு தாயும் அடுத்த வாரம் அதே பொட்டலத்தை வாங்கினாலும் உள்ளே இருப்பது மாறியிருக்கும். புத்திமதியால் ஒரு நாளும் எட்ட முடியாத வீடு அது.

எடை குறைந்ததா

இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் பருமன் விகிதம் திரும்பிவிட்டது என்று காட்டும்படி ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் கொரோனா வந்து பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டியது. 2021இல் பள்ளி மாணவர்களிடம் எடுத்த அரசுக் கணக்கில் 31 சதவீதம் பேர் பருமனாக இருந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அது இறங்கினாலும் சட்டத்தின் விளைவையும் தொற்றின் விளைவையும் பிரித்தெடுப்பது லேசான வேலையல்ல. முப்பது வருஷமாக ஏறிய எடை, பொட்டலத்தில் முத்திரை குத்திய ஐந்து வருஷத்தில் இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அந்தச் சட்டத்துக்குத் தாங்க முடியாத சுமையை ஏற்றியவர்கள்.

சட்டத்துக்கு ஓட்டைகளும் உண்டு. ஒன்று, செயற்கை இனிப்பு. சர்க்கரையை எடுத்த இடத்தில் பல நிறுவனங்கள் அதைப் போட்டன. முத்திரை போய்விட்டது, நாக்கின் இனிப்புப் பழக்கம் போகவில்லை. சிறுபிள்ளைகள் வரை செயற்கை இனிப்பு போய்ச் சேர்ந்தது. 2020இல் மெக்சிகோ தன் கறுப்பு முத்திரையைக் கொண்டுவந்தபோது இதைக் கவனித்து, 'செயற்கை இனிப்பு உள்ளது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டது. பின்னால் வருகிறவனுக்கு உள்ள வசதி.

இன்னொன்று, பள்ளிக்கூட வாசல். உள்ளே கிடைக்காதது வெளியே கிடைக்கும். பதின்ம வயதினர் பள்ளிக்குள் குறைத்ததில் ஒரு பகுதியை வெளியே ஈடுகட்டிக்கொண்டதை ஆய்வுகள் காட்டின. வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் பொரிக்கிற பூசணி வடை மாதிரியான 'சோப்பைப்பியா'வுக்குப் பொட்டலமே இல்லை, முத்திரையை எங்கே ஒட்டுவது? பேக்கரியில் சுடச்சுட வாங்கி எடுத்துப் போகும் ரொட்டிக்கும் இல்லை. ஆள் ஒருவருக்கு அதிகமாக ரொட்டி தின்னும் நாடுகளில் ஒன்று சிலி. ரொட்டியில் உப்பைக் குறைக்க பேக்கரிகளோடு அரசு தனியாக ஓர் உடன்பாடு போட்டது, கட்டாயமில்லாத உடன்பாடு.

அப்புறம் விலை. 2014இல் சிலி பான வரியையும் மாற்றியது: 100 மில்லிக்கு 6.25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 18 சதவீதம், குறைவாக இருந்தால் 10. வித்தியாசம் எட்டே சதவீதம். கடையில் பாட்டிலை எடுக்கிறவருக்கு அது உறைக்காது. முத்திரை விஷயத்தில் காட்டிய தைரியத்தை வரியில் சிலி காட்டவில்லை என்பது என் கருத்து. காய்கறியும் பழமும் மலிவாகக் கிடைக்க வழி செய்ததா என்றால், இந்தச் சட்டம் அதைத் தொடவே இல்லை.

நம் பக்கம்

சிலியின் முத்திரை விழுந்த அதே சமயம், 2016 ஜூலையில், கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பிராண்ட் உணவகங்களின் பீட்சா, பர்கர் வகைகளுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரியை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்து மாநிலத்தின் கையிலிருந்த அந்த வரியை விழுங்கிவிட்டது. இலங்கை அதே 2016இல் இனிப்புப் பானங்களில் சர்க்கரை அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்ட வைத்தது.

இந்தியாவில் பொட்டலத்தின் முன்பக்க லேபிள் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு, சிலி வழியில் போகவில்லை. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் கொடுக்கும் முறை அது. சுகாதார அமைப்புகள் எதிர்த்தன, கறுப்பு எச்சரிக்கைதான் வேண்டும் என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் பரிந்துரை தர நிபுணர் குழுவுக்கு மூன்று மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. நட்சத்திரத்தில் உள்ள சிக்கல் இதுதான்: நல்லதும் கெட்டதும் சேர்த்துக் கூட்டிக் கழிக்கும் கணக்கு அது. சர்க்கரைக்குக் குறைத்த மதிப்பெண்ணை, கொஞ்சம் நார்ச்சத்தையோ பருப்பையோ சேர்த்து மீட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நட்சத்திரம்கூட ஒரு பாராட்டு மாதிரிதான் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். நமக்குக் கூட்டிக் கழிக்க நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இதை எழுதும்போது வீட்டிலிருந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள் ஒளிந்திருந்த கட்டத்தைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. 100 கிராமில் சர்க்கரை 25 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 6, கலோரி 450க்கு மேல். சிலியின் கடைசிப் படியின்படி மூன்று கறுப்பு முத்திரை. இப்போதைக்கு அதன் முகப்பில் ஒரு கோதுமைக் கதிரும், தளும்பும் பால் குவளையும், கன்னம் உப்பிய ஒரு குழந்தையும் இருக்கிறார்கள்.